பிரதி எடுத்தால் போதுமா?



அறிவைத் தேடுவது கடமை என்பதை அறியாத முஸ்லிம் இல்லம் இல்லை. தேடிப் பெற்ற அறிவைச் சிதையாமல் பேணுவதும் கடமையே என்பதை நாம் அந்த அளவுக்கு எண்ணிப் பார்ப்பதில்லை. தேடுவதற்கு ஆர்வம் இருந்தால் போதும். பேணுவதற்கோ பொறுமை வேண்டும், ஒழுங்கு வேண்டும், நம்மிடம் இருப்பது அமானிதம் என்னும் அச்சமும் வேண்டும்.

உலகின் மாபெரும் ஆய்வுக்கூடங்கள் தாம் திரட்டிய தகவல்களை எங்கே, எப்படிச் சேமித்து வைக்கின்றன? ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டிற்கு அவற்றைச் சேதமின்றி எவ்வாறு அனுப்புகின்றன? இத்திங்கள் இதைப் பற்றிச் சிறிது சிந்திப்போம். "விஞ்ஞானிகளின் கவலை நமக்கு எதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். அவர்கள் பட்டுத் தெளிந்த பாடம் நம் வீட்டு அலமாரிக்கும், நம் மஹல்லாவின் பழைய பெட்டிக்கும் அப்படியே பொருந்தக் காண்பீர்கள்.

காவலே களவானது

ஜப்பான் நாட்டின் கியோட்டோ பல்கலைக்கழகம் பெயர் பெற்ற கல்விக்கூடம். அங்குள்ள மீத்திறன் கணினியில் பல துறை ஆய்வாளர்களும் தம் ஆய்வுக் கோப்புகளைச் சேமித்து வந்தனர். 2021-ஆம் ஆண்டு டிசம்பர் 14 முதல் 16-க்குள் அந்தச் சேமிப்பிலிருந்து சுமார் 3 கோடியே 40 இலட்சம் கோப்புகள் அழிந்துபோயின. அவற்றின் மொத்த அளவு 77 டெராபைட். 14 ஆய்வுக் குழுக்கள் பாதிக்கப்பட்டன. அவற்றுள் 4 குழுக்களின் கோப்புகளை மீட்கவே இயலாது என்று அறிவிக்கப்பட்டது.

திருடன் வந்தானா? தீப்பிடித்ததா? இல்லை. கோப்புகளுக்குப் பிரதி எடுத்துக் காக்க வேண்டிய காப்பு நிரலே அவற்றை அழித்தது! பழைய குறிப்புகளைத் துப்புரவு செய்யும் கட்டளைத் தொகுப்பு ஒன்றைத் திருத்தியவர்கள், முந்தையது ஓடிக்கொண்டிருக்கும்போதே புதியதை அதன் இடத்தில் வைத்துவிட்டனர். பாதி பழையதும் பாதி புதியதுமாக ஓடிய அந்தக் கட்டளை, அழிக்க வேண்டிய குப்பையை விட்டுவிட்டு, காக்க வேண்டிய கோப்புகளை அழித்துவிட்டது. கணினியை வழங்கிய நிறுவனம் முழுப் பொறுப்பையும் ஏற்று மன்னிப்புக் கோரியது. ஆயினும் மன்னிப்பு கோப்புகளைத் திருப்பித் தருவதில்லையே! 'காப்பு இருக்கிறது' என்னும் நம்பிக்கை வேறு. காப்பு உண்மையிலேயே இருப்பது வேறு. இந்த வேறுபாட்டை உணர்ந்தவர்கள் எவ்வாறு நடந்துகொள்கிறார்கள் என்பதைப் பார்க்க, நாம் ஐரோப்பாவுக்குச் செல்ல வேண்டும்.

மண்ணுக்கடியில் ஒரு வளையம்

சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரை அடுத்து, பிரான்ஸ் நாட்டின் எல்லையில் அமைந்துள்ளது 'செர்ன்' என்னும் ஐரோப்பிய அணு ஆய்வு நிலையம். 1954-இல் நிறுவப்பட்டது. அங்கே பூமிக்கடியில் சுமார் 100 மீட்டர் ஆழத்தில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வட்டச் சுரங்கம் ஒன்று இருக்கிறது. அதனுள் புரோட்டான்கள் என்னும் நுண்துகள்களை, ஒளியின் வேகத்தை நெருங்கும் வேகத்தில் எதிரெதிரே செலுத்தி மோதவிட்டு, பொருள்களின் மூலக்கூறுகளுக்கும் அப்பாற்பட்ட அடிப்படை இயல்புகளை ஆராய்கின்றனர். 2012-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள் அறிவிக்கப்பட்ட ஹிக்ஸ் துகள் இங்குதான் கண்டறியப்பட்டது.

இந்தச் சுரங்கத்தில் வினாடிக்கு 100 கோடி மோதல்கள் வரை நிகழ்கின்றன. அத்தனையையும் எழுதி வைக்க உலகில் எந்தக் களஞ்சியமும் போதாது. ஆகவே மின்னணுக் கருவிகளும் கணினிகளும் கண்ணிமைக்கும் நேரத்தில் சலித்து, ஆய்வுக்குரிய மிகச் சிலவற்றை மட்டுமே வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுகின்றன. அப்படிச் சலித்து எடுத்த பின்னும் குவிவது கொஞ்சமன்று. 2013-இல் செர்ன் நிலையத்தின் சேமிப்பு 100 பெடாபைட்டைத் தாண்டியது. 2017 ஜூன் மாதத்தில் காந்த நாடாக்களில் உள்ளது மட்டுமே 200 பெடாபைட்டைத் தொட்டது. 2023-இல் அதன் ஹார்டு டிஸ்க்குகளின் கொள்ளளவு மட்டும் 1 எக்ஸாபைட்டைக் கடந்தது.

இந்தப் பெயர்கள் புதியனவாகத் தோன்றலாம். நம் கையிலுள்ள செல்பேசியின் கொள்ளளவு 128 ஜிகாபைட் என்று வைத்துக்கொள்வோம். பத்து இலட்சம் ஜிகாபைட் சேர்ந்தால் 1 பெடாபைட்; ஆயிரம் பெடாபைட் சேர்ந்தால் 1 எக்ஸாபைட். அத்தகைய செல்பேசிகள் 78 இலட்சத்தை அடுக்கி வைத்தால் எவ்வளவு கொள்ளுமோ, அவ்வளவு கொள்ளும் களஞ்சியம் அது.

நாடாவுக்கு வயதாகவில்லை

இத்தனை முன்னேறிய நிலையத்தில் நிரந்தரச் சேமிப்பு எதில் என்று கேட்டால் வியப்படைவீர்கள். நாம் ஒரு காலத்தில் மார்க்கச் சொற்பொழிவுகளையும் கிராஅத்தையும் கேட்டு மகிழ்ந்த ஒலிநாடாவின் உறவினனாகிய காந்த நாடாதான் அது! நாம் அதை மறந்து வெகுகாலமாயிற்று. ஆய்வுலகம் மறக்கவில்லை. 2021-இல் வெளிவந்த ஒருவகை நாடாப்பெட்டி, உள்ளங்கையில் அடங்கும் அளவே உடையது. ஆனால் 18 டெராபைட்டைத் தாங்குகிறது.

நாடாவை ஏன் விரும்புகிறார்கள்? விலை குறைவு. அலமாரியில் உறங்கும்போது அதற்கு மின்சாரம் வேண்டியதில்லை. முறையாகப் பேணினால் பல பத்தாண்டுகள் உழைக்கும். இவை யாவற்றிலும் பெரிய நன்மை மற்றொன்று உண்டு. ஹார்டு டிஸ்க்கில் உள்ள அத்தனையையும் தவறான ஒரு கட்டளை சில நிமிடங்களில் அழித்துவிடலாம். நாடாவோ, இயந்திரக் கை ஒன்று அலமாரியிலிருந்து எடுத்து வந்து கருவியில் பொருத்தினால்தான் படிக்கவோ எழுதவோ முடியும். அந்தத் தாமதமே அதற்குப் பாதுகாப்பாகவும் அமைகிறது. அவசரமாக வேண்டியவை டிஸ்க்கில். காலமெல்லாம் வாழ வேண்டியவை நாடாவில் என்பது அவர்கள் வகுத்த முறை. அதுவும் ஒருமுறை எழுதிவிட்டு மறந்துவிடுவதில்லை. புதிய தலைமுறை நாடா வரும்போது, பழையதில் உள்ளதைப் புதியதற்கு மாற்றி எழுதிக்கொண்டே இருக்கிறார்கள்.

கூட்டல் கணக்கே சாட்சி

சேமித்தாயிற்று. இனி அனுப்ப வேண்டும். செர்ன் நிலையத்தின் தகவல்களை 40-க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 170 கணினி மையங்கள் பகிர்ந்துகொள்கின்றன. செர்ன் முதற்படி, பெரிய மையங்கள் அடுத்த படி, பல்கலைக்கழகங்களும் ஆய்வகங்களும் அதற்கும் அடுத்த படி. நம் நாட்டின் மும்பையிலும் கொல்கத்தாவிலும் உள்ள ஆய்வு நிலையங்கள் இந்த வலையில் இடம்பெற்றவை. துருக்கியும் பாகிஸ்தானும் 2015-இலும், இந்தியா 2017-இலும் செர்ன் அமைப்பின் இணை உறுப்பு நாடுகளாயின.

ஆயிரக்கணக்கான மைல்கள் கடந்து செல்லும் கோப்பில் ஓர் எழுத்து மாறிவிட்டால் யாருக்குத் தெரியும்? கம்பியில் கோளாறு ஏற்படலாம். நினைவகத்தில் ஒரு புள்ளி புரண்டுவிடலாம். கோப்பு வந்து சேர்ந்துவிட்டது, அளவும் சரியாக இருக்கிறது, ஆனால் உள்ளே ஓரெண் பிழை. இதைக் கண்டுபிடிக்க அவர்கள் கையாளும் உத்தி, பழைய காலத்துக் கணக்கப்பிள்ளையின் உத்திதான்.

கோப்பில் உள்ள யாவும் எண்களே. அவற்றைக் கூட்டி ஒரு சரிபார்ப்புத் தொகையைக் குறித்துக்கொள்கிறார்கள். 3, 5, 2 என்னும் எண்களின் கூட்டுத்தொகை 10. ஓர் எண் மாறினால் தொகை மாறிவிடும், பிழை பிடிபட்டுவிடும். ஆனால் எண்கள் இடம் மாறி 5, 3, 2 என்று வந்துவிட்டால்? அப்போதும் தொகை 10 தானே! அதற்காக இரண்டாவது கணக்கும் வைக்கிறார்கள். ஒவ்வோர் எண்ணையும் கூட்டும்போது கிடைக்கும் இடைத்தொகைகளையும் சேர்த்துக் கூட்டுவது அது. முதல் வரிசையில் இடைத்தொகைகள் 3, 8, 10. அவற்றின் கூட்டு 21. இடம் மாறிய வரிசையில் 5, 8, 10, கூட்டு 23. பிழை மாட்டிக்கொண்டது! செர்ன் கோப்புகளுக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் 'அட்லர்-32' என்னும் கணக்கின் சாரம் இவ்வளவே.

அனுப்பும் மையம் இந்தத் தொகையைச் சொல்கிறது. பெறும் மையம், சொன்னதை அப்படியே நம்பிவிடாமல், தன்னிடம் வந்த கோப்பைத் தானே புதிதாகக் கூட்டிப் பார்க்கிறது. இரண்டும் ஒத்துப்போனால் ஏற்றுக்கொள்ளப்படும். ஒத்துப்போகாவிட்டால் அந்தப் பிரதி நீக்கப்பட்டு, மீண்டும் அனுப்பப்படும். மோதலைப் பதிவு செய்யும் கருவியின் பக்கத்திலுள்ள தற்காலிகக் கணினிகூட, நாடாவில் பத்திரமாக எழுதப்பட்டுவிட்டது என்ற உறுதி வந்த பிறகே தன்னிடமுள்ளதை அழிக்கிறது. சரிபார்க்கப்படாத பிரதி, பிரதியன்று. அது வெறும் நம்பிக்கை.

சரக்கைத் தொடாத மேலாளர்

இந்தப் போக்குவரத்தை நடத்துவது 'எஃப்.டி.எஸ்.' என்னும் கோப்பு அனுப்பும் பணியமைப்பு. செர்ன் நிலையமே உருவாக்கியது. இதன் சிறப்பை ஓர் உவமையால் விளக்கலாம். ஆம்பூரிலுள்ள கிடங்கிலிருந்து ராணிப்பேட்டைக் கிடங்கிற்குத் தோல் அனுப்ப வேண்டும். சென்னையில் அமர்ந்திருக்கும் மேலாளர் அந்தச் சரக்கைச் சென்னைக்கு வரவழைத்து, பின் ராணிப்பேட்டைக்கு அனுப்புவாரா? இரு கிடங்குகளுக்கும் தொலைபேசியில் உத்தரவிடுவார்; லாரி நேராகச் செல்லும்; வந்து சேர்ந்ததா, எண்ணிக்கை சரியா என்று கேட்டுப் பேரேட்டில் குறித்துக்கொள்வார். எஃப்.டி.எஸ். செய்வதும் இதுவே. சரக்கு அதன் வழியாகச் செல்வதில்லை. உத்தரவு மட்டுமே செல்கிறது. ஒரு பாதை நெரிசலானால் அனுப்பும் எண்ணிக்கையைக் குறைக்கிறது. பாதை தெளிந்தால் கூட்டுகிறது. தோல்வியுற்றால் மீண்டும் முயல்கிறது.

எந்தக் கோப்பு எந்த நாட்டில் எத்தனை பிரதிகளாக இருக்க வேண்டும் என்னும் பேரேட்டை வைத்திருப்பது வேறோர் அமைப்பு. அதன் பெயர் 'ரூசியோ'. ஸ்பானிய மொழியின் புகழ்பெற்ற பழங்கதையில் வரும் ஒரு கழுதையின் பெயர் அது! அலுக்காமல் சுமை சுமப்பதால் அப்பெயர் பொருத்தமே. "இக்கோப்புக்கு இரண்டு இடங்களில் இரண்டு பிரதிகள் வேண்டும்" என்று விதித்துவிட்டால், ஒன்று தொலைந்தாலும் மற்றொன்றிலிருந்து புதிய பிரதி எடுக்க அதுவே ஏற்பாடு செய்கிறது.

இது வீண் எச்சரிக்கையா? 2017-ஆம் ஆண்டு நவம்பர் 9-ஆம் நாள் இத்தாலியின் பொலோனா நகரில் தெருவில் சென்ற பெரிய குடிநீர்க் குழாய் உடைந்தது. அந்நகரிலுள்ள செர்ன் வலையின் பெரிய மையத்துக்குள் வெள்ளம் புகுந்தது. மின் கருவிகள் மூழ்கின. அலமாரியின் கீழ்வரிசை நாடாக்கள் நனைந்தன. அவ்வாண்டு முடியும்வரை அம்மையத்தால் வழக்கமான பணிக்குத் திரும்ப இயலவில்லை. ஆயினும் செர்ன் ஆய்வு நின்றுவிடவில்லை. மோதல்களின் மூலப் பதிவு ஜெனீவாவில் ஒன்றும், வெளிநாட்டு மையங்களில் ஒன்றுமாக இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே விதித்திருந்ததன் பயன் அது.

விமானம் ஏறிய தகவல்கள்

எவ்வளவு விரைவான கம்பியும் சில வேளைகளில் போதாது. 2017 ஏப்ரலில், பூமியின் பல மூலைகளிலுள்ள எட்டு வானொலித் தொலைநோக்கிகள் ஒன்றுசேர்ந்து விண்ணை நோக்கின. 5 கோடியே 50 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவிலுள்ள கருந்துளை ஒன்றைப் படம் பிடிப்பதே முக்கிய நோக்கம். திரண்ட தகவல் ஏறத்தாழ 5 பெடாபைட். வினாடிக்கு 100 மெகாபிட் செல்லும் வீட்டு இணைப்பில் அனுப்பினால் பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகும்! மலையுச்சிகளிலும் பாலைநிலத்திலும் உள்ள அந்தத் தொலைநோக்கிகளுக்கு ஏற்ற இணைப்பு ஏது? ஆகவே அரை டன் எடையுள்ள ஹார்டு டிஸ்க்குகளைப் பெட்டிகளில் அடுக்கி, விமானத்தில் ஏற்றி, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக்கும் ஜெர்மனியின் பான் நகருக்கும் அனுப்பினர்.

அவற்றுள் தென்துருவத் தொலைநோக்கியின் டிஸ்க்குகள் மட்டும் வந்து சேரவில்லை. அங்கே குளிர்காலத்தில் விமானம் இறங்க முடியாது. ஏப்ரலில் பதிந்த தகவலுக்காக டிசம்பர் வரை காத்திருந்தனர். அதன்பின் ஆண்டுக்கணக்கில் ஒப்பிட்டு, வெவ்வேறு குழுக்கள் ஒருவர் முடிவை ஒருவர் அறியாமல் தனித்தனியே படத்தை உருவாக்கிச் சரிபார்த்து, 2019 ஏப்ரல் 10-ஆம் நாள்தான் அந்தப் படத்தை உலகுக்குக் காட்டினர். நாம் சில வினாடிகள் பார்த்து வியந்த அந்த ஒளிவளையத்தின் பின்னால் எவ்வளவு சுமையும் பொறுமையும் இருந்தன என்பதை எண்ணிப் பாருங்கள்!

இருந்தும் இல்லாதவை

பொருள் பத்திரமாக இருந்தும் பயன்படாமல் போவதும் உண்டு. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 'ஜேட்' என்னும் துகள் ஆய்வு 1979 முதல் 1986 வரை நடைபெற்றது. பின்னாளில் புதிய கோட்பாடுகளின் ஒளியில் அப்பதிவுகளை மீண்டும் ஆராய விரும்பியபோது, நாடா இருந்தது. அதைப் படிக்கும் பழைய நிரல்கள் புதிய கணினியில் ஓடவில்லை. இன்றியமையாத எண்தொகுப்பு ஒன்று, அச்சிட்ட காகிதத்தில் மட்டுமே எஞ்சியிருந்தது. அதை மீண்டும் தட்டச்சு செய்துதான் மீட்டனர். அந்தக் காகிதத்தை யாரோ ஒருவர் தூக்கி எறியாமல் வைத்திருந்தார், அறிவுலகம் பயனடைந்தது.

மனிதன் நிலவில் முதலில் கால் வைத்த 1969-ஆம் ஆண்டின் கதை அவ்வாறு முடியவில்லை. நிலவிலிருந்து வந்த காட்சியைத் தரம் குறையாமல் மூல வடிவிலேயே பதிந்திருந்த நாடாக்களை நாசா நிறுவனம் தேடியது. பிற்காலத்து நாடாத் தட்டுப்பாட்டின்போது அவை அழிக்கப்பட்டு வேறு பதிவுகளுக்குப் பயன்படுத்தப்பட்டிருக்க வேண்டும் என்று 2009-இல் அறிவித்தது. தொலைக்காட்சியில் ஒளிபரப்பான தரம் குறைந்த பிரதிகளே நமக்கு எஞ்சியுள்ளன.

நம் முன்னோர் கண்ட நெறி

சகோதர சகோதரிகளே! பிரதி எடுப்பது, ஒப்பிடுவது, பல ஊர்களில் வைப்பது என்னும் இந்த நெறி நமக்குப் புதியதா? யமாமா போரில் குர்ஆனை மனனம் செய்த ஸஹாபாக்கள் பலர் ஷஹீதானபோது, உமர் (ரலி) அவர்களின் ஆலோசனையின் பேரில், திருமறையை ஒன்றுதிரட்டும் பொறுப்பை ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களிடம் அபூபக்ர் (ரலி) அவர்கள் ஒப்படைத்தார்கள். ஸைத் (ரலி) அவர்களே ஹாபிழாக இருந்தும், தம் நினைவை மட்டும் நம்பவில்லை. எழுதப்பட்டவற்றையும் மற்றவர்களின் மனனத்தையும் சாட்சியமாகக் கொண்டு ஒப்பிட்டே எழுதினார்கள். உஸ்மான் (ரலி) அவர்களின் காலத்தில் அதிலிருந்து பிரதிகள் எடுக்கப்பட்டுப் பல நகரங்களுக்கு அனுப்பப்பட்டன. பின்வந்த அறிஞர்கள் திருமறையின் வசனங்களையும் சொற்களையும் எழுத்துக்களையும்கூட எண்ணிக் குறித்து வைத்தார்கள்.

ஹதீஸ் கலை வல்லுநர்களோ, செய்தியைக் கேட்பதற்கு முன் அது யாரிடமிருந்து யார் வழியாக வந்தது என்று கேட்டார்கள். மாணவர் ஒரு நூலைப் படியெடுத்தால் அதோடு பணி முடியாது. ஆசிரியரின் மூலப்பிரதியோடு வரிக்கு வரி ஒப்பிட்டு, ஒப்பிட்ட இடத்தை ஓரத்தில் அடையாளமிட வேண்டும். 'முகாபலா' என்று அதற்குப் பெயர். இறைவேதத்தை இயந்திரத்தோடு ஒப்பிடுவது நம் கருத்தன்று, அல்லாஹ் பாதுகாப்பான். பேணும் முறையில் நம் முன்னோர் எவ்வளவு விழிப்போடு இருந்தனர் என்பதை நினைவூட்டவே இதைக் கூறினோம்.

இன்று நாம் செய்ய வேண்டியது

அந்த முன்னோரின் வழிவந்த நாம் எப்படி இருக்கிறோம்? மறைந்துபோன வாப்பாவின் குரல் ஒரே ஒரு செல்பேசியில். வளைகுடாவில் உழைத்து வாங்கிய வீட்டுப் பத்திரம் ஒரே ஒரு பெட்டியில். பள்ளிவாசலின் வக்ஃபு ஆவணமும் நிகாஹ் பதிவேடும் கரையான் நடமாடும் ஒரே ஒரு அலமாரியில். நம் பாட்டிமார் ஓதிய அரபுத்தமிழ் ஏடுகள், படிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துவரும் நிலையில், பரண்மேல் கிடக்கின்றன. ஜேட் ஆய்வின் நாடாவைப் போல, இருந்தும் இல்லாதவையாக அவை ஆகிவிடக் கூடாதன்றோ! தொலைந்த ஆவணத்தால் வக்ஃபு நிலம் கைமாறும்போது ஏமாறுவது நாம் மட்டுமல்லர். அதை அல்லாஹ்வுக்காக விட்டுச்சென்ற பெரியவரின் நாட்டமும் வீணாகிறது.

செய்ய வேண்டியது எளிது. முக்கியமான எதற்கும் மூன்று பிரதிகள் வேண்டும். அவை இரண்டு வகைப் பொருள்களில் இருக்கட்டும்: ஒன்று செல்பேசியில் என்றால், மற்றொன்று தனி ஹார்டு டிஸ்க்கிலோ அச்சுத் தாளிலோ. மூன்றில் ஒன்று கட்டாயம் வேறு ஊரில் இருக்க வேண்டும்; துபாயிலுள்ள மகனிடமோ, மதுரையில் வாழ்க்கைப்பட்ட மகளிடமோ கொடுத்து வையுங்கள். ஆவணங்களையும் பழைய புகைப்படங்களையும் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அவற்றின் தரம் குறைந்துவிடும். கோப்பாக இணைத்து அனுப்பினால் மாறாது. எது எங்கே இருக்கிறது, திறப்பதற்கான கடவுச்சொல் என்ன என்பதை எழுதி, கொடுக்கல் வாங்கல் கணக்கும் வஸிய்யத்தும் உள்ள இடத்தில் வையுங்கள்.

இவற்றோடு நில்லாமல், ஆண்டுக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். ஸக்காத் கணக்குப் பார்க்கும் நாளையே அதற்கும் வைத்துக்கொள்ளலாம். பிரதி திறக்கிறதா, எழுத்துத் தெரிகிறதா, குரல் கேட்கிறதா என்று மூலத்தோடு ஒப்பிடுங்கள். கியோட்டோவின் ஆய்வாளர்களுக்கும் காப்பு நிரல் இருந்ததை மறந்துவிட வேண்டாம்.

கல்லூரியில் பயிலும் நம் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். செர்ன் நிலையம் தன் ஆய்வுப் பதிவுகளில் ஒரு பகுதியை 2014 முதல் எவரும் இலவசமாகப் பெற்று ஆராயும்படி இணையத்தில் திறந்து வைத்துள்ளது. கணினி பயிலும் மகனாயினும் இயற்பியல் பயிலும் மகளாயினும், ஊரில் இருந்தபடியே அவற்றைத் தொட்டுப் பார்க்கலாம். பேணுபவர்கள் இருந்ததால்தான் பகிர்வதற்குப் பொருள் இருக்கிறது.

நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவற்றை ஒப்படைத்தபடியே அடுத்த தலைமுறையிடம் சேர்க்கும் நல்வாய்ப்பை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.